79 சதவீதம் என்று எழுதுகிறவர்கள் 14 பேர் என்றும் சேர்த்து எழுதுங்கள்

வைப்பாறு · காலை 6:48

நேற்று இங்கே ‘மூளைமுன்னேற்றம்’ என்ற பெயரில் ஒருவர் போட்ட பதிவு, கைமாறிக் கைமாறி எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கே வந்துவிட்டது. அதன் சாரம் இதுதான்: “மனநோய்க்கு இனி மருந்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். மூளையை ஸ்கேன் எடுத்து, கோளாறு எங்கே என்று பார்த்து, அங்கேயே சிகிச்சை. ஸ்டான்ஃபோர்டில் ஐந்தே நாளில் 79 சதவீதம் பேர் குணம்.”

காலையில் அம்மா அதைக் காட்டி, “கிழக்குக் காட்டை வித்துருவமாப்பா?” என்று கேட்டார். ஒன்றரை ஏக்கர் கரிசல். அப்பா வாங்கிப்போட்டது. அக்காவுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) வந்து 19 வருடம் ஆகிறது.

நான் டாக்டர் இல்லை. தணிக்கை வேலை பார்க்கிறவன். அந்த ஆய்வைத் தேடி எடுத்துப் படித்தேன். மூளைக்குக் காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சை அது. மொத்தம் 29 பேர். உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் 14 பேர். அவர்களில் நோய் தணிந்த நிலைக்கு வந்தவர்கள் 11 பேர். பதினொன்றைப் பதினான்கால் வகுத்தால் 78.6. அதைத்தான் 79 என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இன்னொன்று. அது மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோய்க்கான ஆய்வு. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அல்ல. ‘மனநோய்’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டார் அந்த மனிதர். பதிவைத் திருத்தச் சொல்லி நேற்றிரவே கேட்டேன். பதில் இல்லை.

சினாப்ஸ்செல்வன் · காலை 7:30

வகுத்தல் கணக்குத் தெரிந்தால் ஆய்வைப் படிக்கத் தெரியும் என்று அர்த்தம் இல்லை அண்ணே. நான் மூளைப் படமெடுப்புத் துறையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அது குலுக்கல் முறையில் பிரித்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மதிப்பிடுகிறவருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு. சிகிச்சைப் பக்கம் 14 பேரில் 11. பொய்ச் சிகிச்சைப் பக்கம் (ஒப்பிடுவதற்காக, துடிப்புக் கொடுப்பதுபோல் செய்தது மட்டும்) 15 பேரில் 2. இந்த வித்தியாசம் தற்செயலாக வருவது கடினம். இடையில் எடுத்த கணக்கிலேயே வித்தியாசம் பெரிதாக இருந்ததால்தான் ஆய்வை அத்தோடு நிறுத்தினார்கள். 2022 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதியும் கொடுத்துவிட்டது.

மற்றவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். இடது நெற்றிக்குப் பின்னால் மூளையின் மேற்பரப்பில் ஒரு பகுதி இருக்கிறது. மூளையின் அடியாழத்தில் 25ஆம் பகுதி என்று இன்னொன்று. மனச்சோர்வில் அந்த ஆழப் பகுதி அதிகமாக வேலை செய்கிறது. ஆளைச் சும்மா படுக்கவைத்து எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுத்தால், மேற்பரப்பில் எந்தப் புள்ளி அந்த 25ஆம் பகுதிக்கு நேர் எதிராக ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம். அது ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருக்கும். அந்தப் புள்ளியில் காந்தத் துடிப்பைக் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து அமர்வு, ஐந்து நாள். மூளை காட்டிக்கொடுக்கும் இடத்தில் சிகிச்சை. இதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வைப்பாறு · காலை 7:41

14 பேர் என்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

சினாப்ஸ்செல்வன் · காலை 7:44

நான் எங்கே மறுத்தேன்? 14 பேர் போதும் என்கிறேன். விளைவு பெரிதாக இருந்தால் ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தெரிந்துவிடும். முதல் வருடப் பாடம் இது.

வைப்பாறு · காலை 8:15

சரி, உங்கள் முதல் வருடப் பாடத்திலிருந்தே கேட்கிறேன். அந்த 15 பேருக்கும் ஸ்கேன் எடுத்தார்களா இல்லையா?

எடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் உண்டு. ஒரு பக்கம் நிஜத் துடிப்பு, மறு பக்கம் பொய்த் துடிப்பு. அப்படியானால் அந்த ஆய்வு காட்டியது என்ன? ‘காந்தத் துடிப்பு, பொய்த் துடிப்பைவிட மேல்’ என்று காட்டியது. ‘ஸ்கேன் பார்த்துக் கொடுப்பது, ஸ்கேன் பார்க்காமல் கொடுப்பதைவிட மேல்’ என்று காட்டவே இல்லை. அதற்கு மூன்றாவதாக ஒரு குழு வேண்டும். இல்லை.

ஐந்து நாளில் கொடுத்தது 90,000 துடிப்பு. வழக்கமான குறுந்துடிப்பு முறையில் ஒரு அமர்வுக்கு 600, முப்பது அமர்வு, ஆக 18,000. ஐந்து மடங்கு! பருத்திக்கு மண் பரிசோதனை செய்துவிட்டு, உரத்தை ஐந்து மடங்கு போட்டு, வெடித்துக் குவிந்ததும் ‘மண் பரிசோதனையால் வந்த விளைச்சல்’ என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

இதே குழு 2020இல் பொய்ச் சிகிச்சைப் பிரிவு வைக்காமல் 21 பேருக்குச் செய்தது. அப்போது 19 பேருக்குத் தணிந்தது என்றார்கள். 90 சதவீதம். பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டதும் 79. அந்த 79உம், நான்கு வாரத்துக்குள் ஏதாவது ஒரு அளவீட்டில் தணிந்த நிலையைத் தொட்டவர்கள். நான்காம் வார முடிவில் தணிந்த நிலையில் இருந்தவர்கள் பாதிக்கும் குறைவு. ‘ஐந்தே நாளில் குணம்’ என்று எழுதுகிறவருக்கு இது தெரியுமா? தெரிந்தே எழுதினாரா?

நெல்லைக்காத்து · காலை 8:32

எஃப்.எம்.ஆர்.ஐ. என்றதும் எனக்குச் செத்த மீன்தான் ஞாபகம் வருகிறது. 2009இல் அமெரிக்காவில் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்கள் படங்களைக் காட்டி, ‘இவர்கள் என்ன உணர்கிறார்கள்’ என்று கேட்டார்கள். மீன் மூளை வேலை செய்வதுபோல் ஸ்கேனில் ஒளி தெரிந்தது. இந்தக் கருவியை நம்பி அம்மா காட்டை விற்க வேண்டுமா?

சினாப்ஸ்செல்வன் · காலை 8:40

ஐயோ, மறுபடியும் மீனா. அந்த மீன் கருவி தப்பு என்று காட்டவில்லை. பல்லாயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக அவர்களே வேண்டுமென்று செய்தது. திருத்தம் செய்ததும் ஒளி போய்விட்டது. பாதி தெரிந்துகொண்டு பேசுவது பெரிய ஆபத்து.

நெல்லைக்காத்து · காலை 8:43

திருத்தம் செய்யாத ஆய்வுகள் அன்று எத்தனை வெளியாகியிருந்தன என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள் பேராசிரியரே.

சொல்லாய்வன் · காலை 8:58

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நேற்றையப் பதிவில், உடலில் அளந்து பார்க்கும் அடையாளத்தை ‘பயோமார்க்கர்’ என்று எழுதியிருந்தார். ‘உயிர்க்குறிப்பான்’ என்ற சொல் இருக்கும்போது இது தேவையா?

கவிதாராணி · காலை 9:05

சொல் கிடக்கட்டும். அதற்கு அர்த்தம் என்ன என்று யாராவது சொல்லுங்களேன். நோய் இருக்கிறதா என்று சொல்வது ஒன்று. எந்தச் சிகிச்சை ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்வது ஒன்று. எந்த இடத்தில் கொடுப்பது என்று சொல்வது ஒன்று. மூன்றும் ஒன்றா? நீங்கள் மூன்றையும் கலந்து பேசுவது மாதிரி எனக்குப் படுகிறது.

சொல்லாய்வன் · காலை 9:11

‘குறிப்பான்’ என்றால் சுட்டிக்காட்டுவது. அதனால்தான் அந்தச் சொல் பொருத்தம் என்கிறேன்.

வைப்பாறு · காலை 9:14

எந்தப் பெயர் வைத்தாலும் 14 பேர்தான்.

மாவட்டமருத்துவர் · காலை 10:20

நான் மனநல மருத்துவர், மாவட்ட மருத்துவமனையில் வேலை. புறநோயாளிகளுக்கு இடையில் எழுதுகிறேன், சுருக்கமாகத்தான் இருக்கும்.

வைப்பாறு சார் கேட்ட ஒப்பீட்டுக்கு மிக அருகில் ஒரு ஆய்வு உண்டு. இங்கிலாந்தில் ஐந்து மையங்களில் 255 நோயாளிகள், 2024இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மூளைத் தொடர்புகளை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தார்கள். மறு குழுவுக்கு வழக்கமான இடம். இரண்டு குழுவும் நன்றாகவே முன்னேறின. 8, 16, 26 வாரங்களில் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. டி.எம்.எஸ். என்ற இந்தக் காந்தத் துடிப்புச் சிகிச்சைக்கு இது நல்ல செய்தி. ஸ்கேன் வழிகாட்டலுக்கு நல்ல செய்தி இல்லை.

வைப்பாறு · காலை 10:26

255! கேட்டீர்களா செல்வன்? பதினான்குக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதிப் பாருங்கள்.

சினாப்ஸ்செல்வன் · காலை 10:52

எழுதிப் பார்த்தேன். அது வேறு புள்ளி. அவர்கள் தேடியது வலது இன்சுலா என்ற மூளைப் பகுதியிலிருந்து இடது முன்மூளைக்கு வரும் தொடர்பை. ஸ்டான்ஃபோர்ட் தேடியது 25ஆம் பகுதியை. அவர்கள் ஒரு நாளைக்கு ஒரு அமர்வு, இவர்கள் பத்து. அங்கே இரண்டாவது குழுவுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் கம்பிச்சுருளை வைத்தார்கள், அதனால் அதுவும் ‘ஸ்கேன் இல்லாத’ குழு அல்ல. டாக்டர் இதைச் சொல்லாமல் விட்டது ஏன்?

25ஆம் பகுதிக்கும் பலனுக்கும் தொடர்பு உண்டு என்பது ஸ்டான்ஃபோர்டுக்கு முன்பே தெரிந்தது. பாஸ்டனில் மைக்கேல் ஃபாக்ஸ் குழு 2012இலேயே எழுதியது. அந்தப் பகுதியில் நேரடியாக மின்கம்பி வைத்த நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க் 2005இல்...

வைப்பாறு · காலை 10:55

2005இல் எத்தனை பேர்?

சினாப்ஸ்செல்வன் · காலை 10:57

ஆறு பேர். மண்டையைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு அறுநூறு பேரைப் பிடித்துவரச் சொல்கிறீர்களா?

வைப்பாறு · காலை 11:10

ஆறு பேரில் நால்வருக்கு நல்ல பலன். உலகமே எழுதியது. அப்புறம் அதையே 90 பேருக்குச் செய்தார்கள். ஆறு மாதத்தில் மின்சாரம் ஓடியவர்களில் 20 சதவீதம் பேருக்குப் பலன், ஓடாதவர்களில் 17 சதவீதம் பேருக்குப் பலன். எதிர்பார்த்தது வராது என்று பாதியில் நிறுத்தினார்கள். 2017இல் வெளிவந்தது. ஆறு பேர் 90 ஆனபோது என்ன ஆனது என்று பார்த்துவிட்டோம். 14 பேர் 400 ஆகும்போது என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு வந்து 79 என்று எழுதுங்கள். எழுதுகிற எண்ணுக்குப் பின்னால் காடு இருக்கிறது, வீடு இருக்கிறது.

சினாப்ஸ்செல்வன் · காலை 11:24

கதையைப் பாதியில் நிறுத்துவதில் நீங்கள் கெட்டிக்காரர். அதே 90 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் தெரிந்தது. 2023இல் மேபெர்க் குழு என்ன செய்தது? மின்கம்பி வழியாகவே மூளை அலைகளைப் பதிவுசெய்து, நோயாளி நோயில் இருக்கிறாரா, தேறிவிட்டாரா என்று அந்த அலையை வைத்தே பிரித்துச் சொன்னது. நோயாளி வாய் திறந்து சொல்வதற்கு முன்பே, மறுபடி சரியப் போகிறார் என்று அலை காட்டிக்கொடுத்தது. இதைவிட என்ன வேண்டும்?

வைப்பாறு · காலை 11:26

எத்தனை பேர்?

சினாப்ஸ்செல்வன் · காலை 11:31

பத்து. இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

மருதாணி · பகல் 12:40

இரண்டு பேரும் சண்டை போடுவதை ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எண்ணுகிற ஆட்களில் நானும் ஒருத்தி மாதிரிதான். மூன்று மருந்து மாறி, எதுவும் கேட்காமல், கடைசியில் டி.எம்.எஸ். எடுத்துக்கொண்டேன். ஸ்கேன் எல்லாம் இல்லை. டேப் வைத்துத் தலையை அளந்து, தொப்பியில் புள்ளி போட்டு, முப்பது நாள். இருபதாவது நாள் வாக்கில் ஒரு காலை எழுந்து தலை வாரிக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு அழுதார். எட்டு மாதமாக நான் தலை வாரவில்லை.

வைப்பாறு அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ‘14 பேர், 14 பேர்’ என்று சொல்லும்போது, அந்தப் பதினான்கு பேரும் ஏமாந்தவர்கள் மாதிரி ஒரு தொனி வருகிறது. எனக்கு அது வலிக்கிறது.

வைப்பாறு · பகல் 12:52

தங்கச்சி, உங்களுக்குச் சரியானதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். டேப் வைத்து அளந்தே குணம் வந்திருக்கிறது!

சினாப்ஸ்செல்வன் · பகல் 12:54

இல்லை, எனக்குத்தான். மருந்துக்குக் கேட்காத மூளை, சரியான சுற்றைத் தொட்டதும் கேட்டது. அந்த இடத்தை டேப்பைவிட ஸ்கேன் துல்லியமாகக் காட்டும். முப்பது நாள் ஐந்து நாளாகியிருக்கும்.

மருதாணி · பகல் 12:58

நான் யாருக்கும் சாட்சி இல்லை. என் தலையை நடுவில் வைத்து இழுக்காதீர்கள்.

முத்துக்குளியல் · மதியம் 1:20

தலையில் கரன்ட் வைக்கிறதெல்லாம் பழைய ஷாக் வைத்தியம்தானே. பெயரை மாற்றி விற்கிறார்கள்.

மாவட்டமருத்துவர் · மதியம் 1:35

இல்லை. டி.எம்.எஸ்.ஸில் காந்தத் துடிப்பு. ஆள் விழித்தபடி உட்கார்ந்திருப்பார், வலிப்பு வரவைப்பதில்லை. மின்வலிப்புச் சிகிச்சை வேறு. அதையும் ‘ஷாக்’ என்று பயமுறுத்தாதீர்கள். மயக்க மருந்து கொடுக்காமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே தடைசெய்திருக்கிறது. சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடி கிடந்தவர்கள் அதில் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்கேனும் தேவைப்படவில்லை.

முத்துக்குளியல் · மதியம் 1:38

நீங்கள் டாக்டர், அப்படித்தான் சொல்வீர்கள்.

மாவட்டமருத்துவர் · மதியம் 1:40

ஆமாம். பார்த்ததைத்தான் சொல்வேன்.

மாவட்டமருத்துவர் · மாலை 4:45

இப்போதுதான் வேலை முடிந்தது. இரண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஆள் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். 2017இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேனை வைத்து, மனச்சோர்வில் நான்கு வகை உண்டு, எந்த வகைக்கு டி.எம்.எஸ். கேட்கும் என்றுகூடச் சொல்லலாம் என்று ஒரு பெரிய ஆய்வு வந்தது. பெரும் பரபரப்பு. 2019இல் நெதர்லாந்தில் அதே வழியில் வேறு நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். அந்த நான்கு வகை நிலைக்கவில்லை. எண்ணிக்கை பெரிதாக இருந்தும் தடுக்கியது.

தாமஸ் இன்செல் 2002 முதல் 2015 வரை அமெரிக்க தேசிய மனநலக் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். மூளை அறிவியலும் மரபியலும்தான் வழி என்று ஏறக்குறைய 2,000 கோடி டாலரைச் செலவிட்டவர். தற்கொலையோ, மருத்துவமனைச் சேர்க்கையோ அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை என்று பதவி விட்டபின் அவரே சொன்னார். எனக்கு அந்தத் துறை மேல் கோபம் இல்லை. என் புறநோயாளிப் பிரிவில் அது இன்னும் நுழையவில்லை, அவ்வளவுதான்.

வைப்பாறு சார், உங்கள் அக்காவுக்கு க்ளோசபின் (மற்ற மருந்து கேட்காத ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் கொடுப்பது) கொடுத்தார்களா?

சினாப்ஸ்செல்வன் · மாலை 4:58

பார்த்தீர்களா? ஆயிரம் பேர் இருந்த ஆய்வும் விழுந்தது. அப்படியென்றால் ஆள் எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் இல்லை என்றுதானே டாக்டரே சொல்கிறார்? அண்ணன் காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு முறிந்தது.

வைப்பாறு · மாலை 5:03

ஆயிரமே விழுந்தால் பதினான்கு எந்த மூலைக்கு?

வைப்பாறு · மாலை 5:30

டாக்டர், நீங்கள் கேட்டதற்கு. கொடுத்தார்கள். நோய் வந்து பதினோராவது வருடத்தில். அதுவரை ஐந்து டாக்டர், ஏழு மருந்து. ஒரு பெரிய மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ஒவ்வொரு முறையும் புது டாக்டர், பழைய சீட்டைப் புரட்டாமல் புதுச் சீட்டு எழுதினார். க்ளோசபின் என்ற பெயரையே நாங்கள் பதினோராவது வருடத்தில்தான் கேள்விப்பட்டோம். வெள்ளை அணு குறையும், முதல் சில மாதம் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். அக்காவைப் பேருந்தில் கூட்டிப்போனது நான்தான். ஐந்தாவது மாதம் அக்கா என்னிடம், “உனக்கு எப்படா முடி நரைச்சுச்சு?” என்று கேட்டாள். பதினோரு வருடத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு மருந்தை, சரியான அளவில், ஆறு வாரமாவது கொடுத்துக் கேட்கவில்லை என்றால் க்ளோசபினுக்குப் போக வேண்டும். இவ்வளவுதான் விதி. 1988லேயே அமெரிக்காவில் 268 நோயாளிகளிடம் செய்து காட்டிவிட்டார்கள். மற்ற மருந்து கேட்காதவர்களில் க்ளோசபினுக்கு 30 சதவீதம் பேர், பழைய மருந்துக்கு 4 சதவீதம் பேர் தேறினார்கள். ஸ்கேன் இல்லை, அலை இல்லை. பேனாவும் பழைய சீட்டும் போதும். அது என் அக்காவுக்கு வந்துசேரப் பதினோரு வருடம் ஆனது. இந்த லட்சணத்தில் 79 சதவீதம் என்று எவனோ வந்து என் அம்மாவிடம் சொல்கிறான்.

மாவட்டமருத்துவர் · மாலை 5:41

வருத்தமாக இருக்கிறது சார். இது உங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. லண்டனிலேயே க்ளோசபின் தொடங்குவதற்குச் சராசரியாக நான்கு வருடம் தாமதமாகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு நோயாளி மட்டுமல்ல, எங்கள் ஆட்களும் பயப்படுகிறார்கள்.

சினாப்ஸ்செல்வன் · மாலை 6:20

அண்ணே, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கதைதான் என் வாதம். 2012இல் லண்டனில் கதிரியக்கப் பொருள் ஏற்றி பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சாதாரண மருந்துக்குக் கேட்பவர்கள் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் உற்பத்தி அதிகமாக இருந்தது. கேட்காதவர்கள் மூளையில் அப்படி இல்லை, நலமாக இருப்பவர்கள் மாதிரியே இருந்தது. அதாவது, டோபமைனை அடைக்கும் மருந்து அவர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்பதற்கு மூளையிலேயே காரணம் தெரிகிறது. இது ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தால், உங்கள் அக்கா மாதிரி ஒருவருக்கு முதல் மாதத்திலேயே க்ளோசபின் கிடைக்கும். பதினோரு வருடம் போகாது. அந்த ஆய்வுகளைத்தான் ‘எத்தனை பேர், எத்தனை பேர்’ என்று காலையிலிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வைப்பாறு · மாலை 6:48

என் அக்காவை உங்கள் வாதத்துக்கு எடுக்காதீர்கள்.

வைப்பாறு · மாலை 6:59

ஒவ்வொரு குழுவிலும் 12 பேர். தேடிப் பார்த்துவிட்டேன்.

பழைய சீட்டைப் புரட்டாத ஊரில் பெட் ஸ்கேனை யார் புரட்டப் போகிறார்கள்? அக்காவுக்குக் கிடைக்காமல் போனது அறிவியல் இல்லை. ஆறு வாரம் கழித்து ‘அந்த மருந்து கேட்டதா?’ என்று கேட்க ஒரு ஆள் இல்லை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது.

சினாப்ஸ்செல்வன் · மாலை 7:05

ஆள் இல்லை என்பதற்காக ஆராய்ச்சியை மூடிவிடலாமா? இதே பேச்சை நீங்கள் மரபணுக் கிட் இழையிலும் பேசினீர்கள்.

வைப்பாறு · மாலை 7:12

நீங்களே அதை எடுத்தது நல்லதாகப் போயிற்று. போன தீபாவளிச் சமயம் அந்த இழையில் ‘எந்த மருந்து ஒத்துவரும் என்று எச்சிலை வைத்தே சொல்லிவிடலாம், அடுத்த வருடம் எல்லா ஊரிலும் வந்துவிடும்’ என்று எழுதியது யார்? நான் கேள்வி கேட்டதும் அந்தப் பின்னூட்டத்தை அழித்தது யார்? என்னிடம் படம் இருக்கிறது.

சினாப்ஸ்செல்வன் · மாலை 7:15

எழுத்துப்பிழை இருந்தது. அழித்துத் திருத்திப் போட்டேன். ஒரு வருடமாகப் படம் பிடித்துச் சேர்த்துவைத்திருக்கிறீர்களே, தணிக்கை வேலை வீட்டிலும் தொடர்கிறதா?

வைப்பாறு · மாலை 7:17

தொடரும். திருத்திப் போட்டதில் ‘எல்லா ஊரிலும்’ என்பது ‘சில இடங்களில்’ ஆகியிருந்தது. அதுவா எழுத்துப்பிழை?

மாவட்டமருத்துவர் · மாலை 7:26

மரபணு விஷயத்தில் ஒன்றே ஒன்று. கார்பமசெபின் (வலிப்புக்கும் மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் கொடுக்கும் மருந்து) தொடங்கும் முன் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது உண்மையிலேயே உயிர் காக்கும். ஆசியர்களில் சிலருக்கு அது இருந்தால் தோலே உரிந்துபோகும் ஒவ்வாமை வரலாம். எனவே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். காலையில் கவிதாராணி அம்மா கேட்டதும் இதைத்தான்.

சொல்லாய்வன் · மாலை 7:31

‘உயிர்க்குறிப்பான்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

நெறியாளர் · மாலை 7:40

தனிப்பட்ட பழைய கணக்குகளை இங்கே தீர்க்க வேண்டாம். மரபணுக் கிட் பற்றிய அடுத்த பின்னூட்டம் நீக்கப்படும்.

மூளைமுன்னேற்றம் · இரவு 8:25

நாள் முழுக்க என் பெயரை இழுத்திருக்கிறீர்கள். 79 சதவீதம் என்பது ஆய்வில் இருக்கிற எண். நான் உருவாக்கியது இல்லை. நல்ல செய்தியைப் பகிர்ந்தேன். பதிவை மாற்ற மாட்டேன்.

வைப்பாறு · இரவு 8:31

மாற்ற வேண்டாம். ‘14 பேரில்’ என்றும், ‘மனச்சோர்வு நோய்க்கு’ என்றும் இரண்டு இடத்தில் சேருங்கள். ஒரு வரிகூட ஆகாது.

மூளைமுன்னேற்றம் · இரவு 8:34

நோயாளிகளின் நம்பிக்கையைக் கெடுக்கிறீர்கள்.

வைப்பாறு · இரவு 8:50

நம்பிக்கையைப் பற்றி எனக்குச் சொல்கிறீர்களா? பத்தொன்பது வருடமாக மாத்திரையை எண்ணிக் கையில் கொடுக்கிறவனிடம்? அக்கா ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரமும் வரணுமா?” என்று கேட்பாளே, அவளிடம் போய் 79 என்று சொல்லுங்கள். அம்மா இன்னும் அந்தப் பதிவை அழிக்கவில்லை. பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைத்திருக்கிறார். நாளைக்கும் கேட்பார்.

மருதாணி · இரவு 9:10

அண்ணா, அம்மாவிடம் ‘அது அக்காவின் நோய்க்கு இல்லை’ என்று மட்டும் சொல்லுங்கள். எண்ணிக்கையெல்லாம் சொல்லாதீர்கள். பதினான்கு என்றால் அம்மாவுக்கு அதுவே நிறைய ஆளாகத் தெரியும்.

சினாப்ஸ்செல்வன் · இரவு 9:22

நான் பின்வாங்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். நாளை மாலை 25ஆம் பகுதி பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ஃபாக்ஸ், மேபெர்க், ஸ்டான்ஃபோர்ட் எல்லாம் வரிசையாக. அண்ணன் வந்து படிக்கலாம், படித்து முடித்துவிட்டுப் பேசலாம்.

வைப்பாறு · இரவு 9:25

வருகிறேன். முதல் வரியில் எத்தனை பேர் என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.